பொன்னோடு நின்ற ஒப்பாரி

ஆகுர்டியில் காற்றுக்கு ஒரு ருசி இருந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்கும்போது துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் நாக்கில் படும், பக்கத்திலிருந்த இரும்பு வார்க்கும் பட்டறைகளின் கரி, வெள்ளைத் துணி என்று எதையும் விட்டுவைக்காது. தொண்ணூறுகளில் அங்கே ஒரு "சால்" வீட்டில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில், தருமபுரிப் பக்கத்திலிருந்து அந்த மராத்தி ஊருக்குப் பிழைக்க வந்த நாங்கள் நால்வர் இருந்தோம்: அப்பா, அம்மா, அண்ணன், பத்து வயது நான்.

அம்மா படிக்காதவள், ஆனால் ஒப்பாரி கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் வரிசையில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டடியில் பொன்னும் முத்துமாக அள்ளிக் கொட்டுவாள், பின்னிரண்டடியில் அத்தனையையும் பிடுங்கிக்கொள்வாள். காசநோயில் போன பக்கத்து வீட்டுக்காரருக்கு, அவர் மனைவியின் வாயாக நின்று அவள் பாடியது இன்னும் என் காதில் இருக்கிறது:

"தங்கமழை பெய்யுமின்னு
தகரக் கூரை போட்டு வச்சேன்
கரிமழை பெய்யுதய்யா – என் ராசா
கண்ணெல்லாம் எரியுதய்யா"

வெறுமனே கரி என்று சொல்லியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது, அதைத்தானே தினமும் மூச்சாக இழுத்தோம்; தங்கத்தைக் காட்டிவிட்டுக் கரியைக் காட்டியபோதுதான் கூடியிருந்த பெண்கள் மாரில் அறைந்துகொண்டார்கள்.

அப்பாவுக்குத் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை. "ஒருவாட்டி மிதிச்சா ரெண்டுவாட்டி எறங்குது, சொன்னா எவனும் கேக்க மாட்டேங்குறான்" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவார். ஒரு மழைக்காலத்தில், சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்தவர்மேல் பிரஸ் இரண்டாம் முறை இறங்கிவிட்டது. அவர்தான் அஜாக்கிரதையாக இருந்தார் என்றது கம்பெனி.

பிணம் வந்த வண்டியோடு கம்பெனி ஆட்களும் வந்து வாசலில் நின்றார்கள், அவர்களில் சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியும். அப்பாவின் அண்ணன் அம்மாவின் காதருகே குனிந்து, "இதோ பாரும்மா, மெஷினைப் பத்தி ஒரு வார்த்தை பாட்டுல வரக்கூடாது. அப்பன் வேலையைப் பையனுக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. தவளை தன் வாயால கெட்ட கதையா ஆக்கிடாத" என்றார்.

அம்மா பாடினாள்.

"மலையைப் பொரட்டிப் போடும்
மன்னவரு பொன்னுக் கையி"

பெண்கள் பின்னிரண்டடிக்காகக் காத்திருந்தார்கள். அம்மா சூப்பர்வைசரைப் பார்த்தாள், சுவரோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள், மறுபடியும் அதே இரண்டடியைப் பாடினாள். அப்புறமும் அதையே பாடினாள். அடுத்த வரி அவள் வாய்வரை வந்து திரும்பிப் போவதை நான் பார்த்தேன். பிடுங்கிக்கொள்ளாத பொன் அந்த அறையில் அப்படியே நின்றது, அவள் அதுவரை பாடிய எந்தப் பாட்டும் என்னை அப்படி நடுக்கியதில்லை. பெரியப்பாமேல் அன்று வந்த ஆத்திரம், அவர் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்த பிறகும், இன்னும் ஆறவில்லை.

அண்ணனுக்கு வேலை கிடைத்தது. அதே பிரஸ். இரண்டே வருஷத்தில் அவன் வலக்கை விரல்கள் நான்கும் அதில் போயின. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

இன்று அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன, ஷிஃப்ட் சங்கு ஊதுவதில்லை, எங்கள் வரிசை வீடுகளையும் இடித்துவிட்டார்கள். போன வருஷம் அம்மா காலமானபோது குளிர்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், கட்டிப் பாட ஒருத்தியும் இல்லை. என் பிள்ளைகளுக்கு ஒப்பாரி என்ற சொல்லே தெரியாது.

அவள் படுக்கையில் விழுவதற்கு முன்பு ஒருநாள், அண்ணனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டே, அப்பாவுக்குப் பாடாமல் விட்ட அந்தப் பின்னிரண்டடி என்ன என்று அவளிடம் கேட்டேன். இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை அம்மா மோவாயால் காட்டினாள்.

"தோ, உக்காந்து சோறு திங்குதே, அதான்."

அண்ணன் தட்டை நகர்த்தி ரசம் கேட்டான், ஊற்றினேன்.