இரண்டு வழக்கிலும் வீடு நலம்

மாடியில் குடியிருக்கும் நைஜீரியப் பந்தாட்டக்காரர்களைக் கண்டு நான் பயந்து திரும்பியதாகப் பேசுகிறார்கள். பயமல்ல, மரியாதை.

அவர்கள் குளியலறைத் தண்ணீர் என் சமையலறையில் ஒழுகுகிறது. புகார் சொல்ல இன்று காலை ஏறினேன்.

அவர்களிடமே நான் கொஞ்சம் கற்றுக்கொண்ட ஹௌசா மொழியில் முதலில் நலம் விசாரிப்பார்கள். எதைக் கேட்டாலும் நலம் என்பதே முறை.

கானோ ஊர்க்காரர் தூக்கத்தையும் வீட்டையும் விசாரித்தார். "லாஃபியா", அதாவது நலம், என்றேன்.

உடனே சொக்கோட்டோக்காரர் தம் ஊர் வழக்கில் முதலிலிருந்து விசாரித்தார். அதே நலத்தை அவர் வழக்கில் "லாஹியா" என்றேன்.

வீடு நலம் என்று இருமுறை சொன்னபின் ஒழுகுகிறது என்பதா? இறங்கிவிட்டேன்.

"இங்கிலீஷ்லயே திட்டிட்டு வரவேண்டியதுதானே, ஆன்ட்டி?" என்கிறாள் பக்கத்து வீட்டு பாத்திமா. வாளி நிரம்பிக்கொண்டிருக்கிறது.

நலம் சொன்னபின் ஹௌசாவில் புகாரை எப்படித் தொடங்குவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து, நேரில் வந்து நலம் விசாரிக்காமல், எழுத்தில் பதில் தரவும்.