எங்கே போகிறாய் என்று கேட்டவள்

மலேசியாவின் தாப்பா பட்டணத்தில் மலைச்சாலை ஏறத் தொடங்கும் முனையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் கமாரியாவுக்கு வாய் சும்மா இருக்காது. கடையைத் தாண்டிப் போகிற யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள். சீனப் பட்டறைக்காரர் ச்சோங் வந்தால் அவர் பாஷையிலேயே "சாப்பிட்டாச்சா?" என்பாள். கொலைப்பட்டினியாக இருந்தாலும் அவர் "ஆச்சு" என்றுதான் சொல்வார். அது மரியாதை. மலாய்க்காரர்களுக்குச் சலாம் சொல்லி, கையோடு "எங்க போறே?" என்பாள். "இங்கதான்" என்று பதில் வரும். அதற்குமேல் அவளும் துருவமாட்டாள். போகிறவனை எங்கே என்று கேட்காமல் விடுவது, அவள் வளர்ந்த மலாய்க் கிராமமான கம்பத்தில், முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சமம்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதையே லாரிக்கார வீராசாமியிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"பொறப்படுறவன எங்கன்னு கேக்கலாமா காக்? போற காரியம் வெளங்குமா?"

அவளை அக்கா முறை வைத்துக் 'காக்' என்றுதான் கூப்பிடுவான். பொரிந்து தள்ளிவிட்டு, இன்ஜினை அணைத்து, இறங்கி வந்து அவள் கடை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு குவளை தண்ணீர் குடித்த பிறகுதான் கிளம்பினான். நலம் விசாரித்தால் சாபம் விட்டதுபோல் குதிக்கிறானே என்று கமாரியாவுக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவனுக்கு மட்டும் தமிழில் "போயிட்டு வா" என்று சொல்லப் பழகினாள். அவள் புருஷன் மௌத்தானபோது வாசலில் முதலில் வந்து நின்றவர்கள் வீராசாமியும் அவன் மனைவி காளியம்மாவும்தான்.

போன நவம்பரில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலை மழை விட்டும் வெளிச்சம் வரவில்லை. சாலையோரச் சாக்கடையில் தண்ணீர் செம்மண் குழம்பாக ஓடியது. மேலேயிருந்து வந்த லாரிக்காரன் ஒருவன், மலைச்சாலை வளைவு ஒன்றில் கல் உருண்டு கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

முட்டைக்கோஸ் ஏற்ற இரண்டு காலி லாரிகள் வந்தன. முன்னது இன்னொரு லாரிக்காரன் மணியத்தினுடையது, அது நிற்காமல் ஏறிவிட்டது. பின்னால் வந்த வீராசாமியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"இன்னிக்கு வேணாம் வீரா. தண்ணி நெறமே சரியில்ல."

"வெட்டிப் போட்ட கோஸு அழுகிடும் காக். மலை என்ன, எனக்காகவா காத்துக்கிட்டு இருக்கு?"

சிரித்துக்கொண்டே கியரைப் போட்டான். கமாரியாவுக்கு வேறு வழி தெரியவில்லை. சாலை நடுவில் போய் நின்று கத்தினாள்.

"எங்க போறே?"

இன்ஜின் நின்றது. அவன் முகம் கறுத்துவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்களா?"

"ஆமா. எறங்கி வந்து உக்காரு. தண்ணி குடி."

முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். தண்ணீருக்குப் பிறகு தேநீர் போட்டாள். அதைத் தூக்கித் தூக்கி ஆற்றினாள். அவன் மகளுக்குப் பார்த்த வரனைப் பற்றிக் கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தால் மேலேயிருந்து ஏதாவது தகவல் வரும், சாலையை அடைப்பார்கள் என்று நம்பினாள்.

"என்ன காக், பாலுக்கு மாடு தேடப் போயிட்டீங்களா?" என்றவன், கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டான். "தடங்கல் கழிஞ்சுது. வரேன்."

"போயிட்டு வா," என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து வேன்காரன் ஒருவன் பாதி வழியில் திரும்பி இறங்கி வந்தான். அந்த வளைவில் மலை சரிந்துவிட்டதாம். நீல லாரி ஒன்று மண்ணுக்கு அடியில். நீல லாரி வீராசாமியுடையதுதான். மணியம் அதற்குக் கொஞ்சம் முன்னால் வளைவைத் தாண்டியிருந்தான்; மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவன் வீட்டுக்குப் போன் பேசியும் விட்டான்.

காளியம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்து கமாரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே காக் கெளம்புனாங்க? அந்தண்ணன் தாண்டிட்டாரே! இவரு ஏன் பிந்துனாரு? எங்க நின்னாரு?"

பொய் சொல்லலாம். டயரைச் சொல்லலாம், இன்ஜினைச் சொல்லலாம். அவனை நிறுத்தியபோது சாலையில் வேறு யாரும் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"இங்கதான் நின்னான். கால் மணி நேரம். போக வேணாம்னுதான், எங்க போறேன்னு கேட்டேன். தெரிஞ்சேதான் கேட்டேன்."

காளியம்மா பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.