அரியரத்தினம் அண்ணையின் தோரணம்

சில மனிதருக்குக் கை சும்மா இருக்காது. அரியரத்தினம் அண்ணைக்குக் கால்தான் சும்மா இருந்தது. போய்வர ஒரு வீடு இல்லை. அந்தக் குறைக்கும் சேர்த்துக் கைதான் ஓடியாடியது.

நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், கார்ட்டியர்வில் பகுதியில் எங்கள் சாப்பாட்டுக்கடைக்கு நேரெதிரே ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. அதில் பாதி நிலத்துக்குள் இறங்கிய கீழ்வீடு அவருடையது. அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான் தமிழர். விடிந்ததும் றோட்டைக் கடந்து வருவார். பால் விடாத ஒரு பிளேன்ரீ, ஒரு உழுந்துவடை. வடை முடிந்ததும், கைதுடைக்க வைத்திருக்கும் கடதாசியை இழுத்து மடிக்கத் தொடங்குவார். குருவி, முயல், தாமரைமொட்டு. எல்லா மேசையிலும் ஒவ்வொன்று வைத்துவிட்டுத்தான் எழும்புவார். மத்தியானம் வருகிற சனம் அந்தக் குருவியைப் பிரித்து மீன்குழம்பு வாயைத் துடைத்துவிட்டுப் போகும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணை, நாப்கின் என்ன மரத்திலையே காய்க்குது?"

"மரத்திலதான் தங்கச்சி. கடதாசிய வேற என்னத்தில செய்யிற?"

இப்படி ஒரு மனிதரோடு எப்படிக் கோபித்துக்கொண்டிருப்பது? என் கணவர் கிருபானந்தன் உள்ளே கொத்துரொட்டி கொத்திக்கொண்டே சிரிப்பார். நான் அவருக்கும் சேர்த்து ஏசுவேன்.

அரியரத்தினம் அண்ணைக்குச் சொந்த ஊர் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கிரேக்கக்காரனின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். பிறகு நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஓய்வுபெறும்வரை வேலை. துவாயை மடித்து அடுக்குவதுதான் வேலை. இவர் அதை அன்னமாகவும் யானையாகவும் மடித்தார். மேலாளன் வந்து கத்தினான். அடுத்த கிழமை தங்க வந்தவர்கள் அந்த யானை எங்கே என்று கேட்டார்களாம். அதன்பிறகு அவன் வாயை மூடிக்கொண்டான். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணையின் முகத்தில் கொஞ்சம் தலைக்கனம் தெரியும். இருக்கட்டுமே.

மனைவி கமலாவதி ஒரு பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சாம்பவன் எட்மன்டனில். ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பான். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரி அப்பா வைக்கட்டா. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அதோடு ஞாயிறு முடிந்தது.

கீழ்வீட்டு யன்னலுக்குள்ளிருந்து பார்த்தால் நடைபாதையில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். எங்கள் சனத்தை அவர் சப்பாத்தை வைத்தே பிடித்துவிடுவார். "நேத்து யோகேந்திரன் ரெண்டுதரம் போனார், சப்பாத்து புதுசு" என்று என்னிடம் வந்து சொல்வார். யோகேந்திரன் வீடு வாங்கி விற்கிற தரகர், ஊர்ப்புதினம் முழுக்க அவர் வாயில்தான் நிற்கும். அந்த மனிதர் ஒருநாளாவது குனிந்து அந்த யன்னலில் தட்டினாரா? இல்லை.

தட்டாதது அவர் ஒருவர் மட்டுமா! கல்யாண மண்டபம் சோடிக்க, கோயில் தேருக்குத் தொங்கல் கட்ட, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு வாழை கட்ட, எல்லாவற்றுக்கும் அரியரத்தினம் அண்ணை வேண்டும். வேலை முடிய மண்டபத்து மூலையில் கடதாசித் தட்டில் ஒரு சோறு. அவர் வீட்டு வாசலை மிதித்தவர் எவருமில்லை. முகநூலில் ஊர்பேர் தெரியாதவனுக்கெல்லாம் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுகிற சனம், பக்கத்துத் தெருவுக்கு நடக்காது. கேட்டால் ஓவர்டைம், பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, பனி, குளிர். வெயில் காலத்தில் வெயில்.

போன வசந்தத்தில் நகரசபையிலிருந்து மரி-ஈவ் என்று ஓர் இளம்பெண் வந்தாள். கலையை நூதனசாலைக்குள் பூட்டி வைக்கக்கூடாது, அது தெருவில் நாளாந்தம் புழங்கவேண்டும் என்பது அவள் கட்சி. ஒவ்வொரு கட்டடத்துக்காரரும் சேர்ந்து தங்கள் வாசலுக்கு ஏதாவது செய்யவேண்டும், கோடை முழுக்க அது தொங்கும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்கள் இதற்குக் கூட்டம் வைப்பதில்லை. செத்தாலும் பெத்தாலும் வாசலில் ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை.

ஆனால் அரியரத்தினம் அண்ணைக்கு அந்தப் பிள்ளை தெய்வமாக வந்தாள். வியாழக்கிழமை பின்னேரங்களில் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கூடுவார்கள். அன்றைக்கு மனிதர் சவரம் செய்து, சேட்டு மாற்றி, தலையில் எண்ணெய் மினுங்க வருவார்.

"என்ன அண்ணை, பொம்பிளை பாக்கவோ?"

"வேலை இரிக்கி தங்கச்சி. என்ன வேலை எண்டு பேந்து பார்ப்பீங்கதானே."

நானும் துருவிக் கேட்கவில்லை. கடையில் சனம் நின்றது.

பிறகுதான் தெரிந்தது, அவர் அங்கே அயலவர்களுக்குத் தோரணம் மடிக்கப் பழக்கியிருக்கிறார். தென்னங்குருத்துக்கு இங்கே எங்கே போவது? எல்லாம் மலிவாகக் கிடைக்கிற டொலர் கடையில் பச்சை நிற மேசைவிரிப்பை வாங்கி நாடாவாகக் கிழித்திருக்கிறார்கள். மேல்வீட்டு அல்ஜீரியப் பெண்ணும், ஹெயிட்டிக்காரர் கஸ்தோனும், இன்னும் சிலரும் இருந்து பச்சைக் குருவி குருவியாக மடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

தமிழர் வீட்டுத் தோரணத்துக்கு ஒரு விதி உண்டு. குருவியின் தலை மேலே பார்த்தால் நல்ல காரியம்; கீழே பார்த்தால் செத்தவீடு. மட்டக்களப்பானுக்கும் தெரியும், யாழ்ப்பாணத்தானுக்கும் தெரியும். அதனால்தான் அண்ணை அதை அவர்களுக்குச் சொல்லவேயில்லை. சோற்றை வாயால் சாப்பிடு என்று யாராவது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களா?

கட்டுகிற நாளன்று அவருக்குக் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரியில் தவணை. விடியவே பஸ் ஏறிவிட்டார். அங்கே கைத்தொலைபேசியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், நிறுத்திவிட்டார். இங்கே கஸ்தோன் ஏணி வைத்து ஏறினார். குருவிகள் வீட்டுக்கு இறங்கி வருவதுபோல இருந்தால்தான் அழகு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வாசல், படி, கைப்பிடி, கீழ்வீட்டு யன்னல் என்று அத்தனையிலும் தலைகீழாகக் கட்டிவிட்டு, கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிர்வாசலில் குருவியெல்லாம் தலைகீழ்.

ஐயோ! அன்றைக்குக் காலையில் அவர் தேநீருக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொலைபேசி எடுத்தேன், வேலை செய்யவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன், சத்தமில்லை. இரவே ஏதோ நடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மகன் அறிவித்து யாரோ தோரணம் கட்டிவிட்டார்கள் போல என்று என் வாயே எனக்குச் சொன்னது. யோகேந்திரன் அந்த நேரம் பார்த்துக் காரை நிறுத்தி, தோரணத்தைப் பார்த்து, என் முகத்தையும் பார்த்தார். அது போதும் அவருக்கு. கார் அடுத்த சந்தியைத் தாண்டுமுன்னமே செய்தி வாட்ஸப்பில் ஆற்றுக்கு அப்பால் லவால்வரைக்கும் போய்விட்டது.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயல்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். யாருமில்லாத மனிதருக்கு அயல் வேறு யார்? பெரிய பானையை ஏற்றினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், ஒரு புளிக்குழம்பு. அழுதுகொண்டே அரைத்தேன். "அந்த மனிசன் மடிச்ச நாப்கினுக்கு எத்தினை தரம் ஏசினனீர்" என்று கிருபானந்தன் சொல்ல, அகப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன் அவரிடம்.

பின்னேரம் நடைபாதை நிறையச் சனம். நகரின் மறுபக்கம் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து, எங்கள் சனத்தில் மூத்தவரான அல்போன்சம்மா செபமாலையோடு வந்து இறங்கினார். மண்டபம் சோடிக்கக் கூப்பிட்டவர்கள், தேர் கட்டக் கூப்பிட்டவர்கள், வேலையிலிருந்து நேரே வந்தவர்கள், எல்லோரும் குரலைத் தாழ்த்தி, "நல்ல மனிசன், ஒருத்தருக்கும் தீங்கு நினையாது" என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பேர் அந்தக் கட்டடத்துக்கு வந்ததை நான் கண்டதேயில்லை.

அப்போது பஸ் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் இறங்கிக் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றார். யோகேந்திரனின் தோளைத் தொட்டார்.

"என்ன தம்பி, என்ன நடந்த?"

யோகேந்திரன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அரியரத்தினம் அண்ணையெல்லே மோசம் போயிட்டார்."

"எந்த அரியரத்தினம்?"

"உந்தக் கீழ்வீட்டு..." என்று திரும்பிய மனிதர் கத்திய கத்தலில் அல்போன்சம்மாவின் செபமாலை நிலத்தில் விழுந்தது.

பிறகு என்ன, ஒரே அமளி. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். நான் அவரைப் பிடித்து உலுப்பி, ஏசின ஏச்சு இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. அண்ணை நிமிர்ந்து தோரணத்தைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக, நின்று நின்று.

"வந்திட்டீங்கதானே," என்றார். "உள்ளுக்கு வாங்க. வந்து இரிங்க."

இருக்க எங்கே இடம்? கட்டிலில், படியில், நிலத்தில் என்று சனம் இருந்தது. வீட்டில் நாலைந்து கோப்பைதான். ஒருவர் குடிக்க, கழுவி, அடுத்தவருக்கு. அவர் தேநீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததாம், தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மருந்துதான் என்று அவர் இரண்டு மூன்று தரம் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

நான் சமைத்த பானையும் அங்கேதான் இருந்தது. அண்ணை மூடியைத் திறந்தார்.

"வேண்டாம் தம்பி," அல்போன்சம்மா பாய்ந்து தடுத்தார். "செத்தவீட்டுக்கெண்டு ஆக்கின சோறு. கூடாது."

"எனக்கெண்டு ஆக்கின சோறுதானே அம்மா. கமலாவதி போனதுக்குப் பிறகு எனக்கெண்டு ஆர் ஆக்கின?"

தட்டில் போட்டு, எல்லோருக்கும் முன்னால் இருந்து, கத்தரிக்காயை வழித்து வழித்துச் சாப்பிட்டார். பிறகு நாங்களும் சாப்பிட்டோம்.

வெளிக்கிடும்போது பழக்கதோஷத்தில் சனம் பேசாமல் எழும்பியது. செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது அல்லவா? "சொல்லிப்போட்டுப் போங்கோ, ஆள் உயிரோடதான் இருக்கு!" என்று நான்தான் கத்தினேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "போட்டு வாறம் அண்ணை, கட்டாயம் வாறம்" என்றார்கள். "வாங்க, வாங்க" என்று அவர் வாசல்வரை வந்தார். அவர் அதை நம்பினார். அதுதான் பிழை.

அடுத்த நாளே கஸ்தோனைக் கூட்டிவந்து, எல்லாக் குருவியையும் நிமிர்த்திக் கட்டினார். ஒரு பெட்டி கோப்பை வாங்கினார். பிஸ்கட், மடக்குக் கதிரை, தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு பெரிய கேத்தில். காலையில் என் கடைக்கு வந்தாலும் வடையை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவார். "ஆரும் வந்தா வீடு பூட்டிக் கிடக்கும் தங்கச்சி."

ஜூலை போயிற்று. ஓகஸ்ட் போயிற்று. வெயிலில் பச்சை வெளிறியது. மரி-ஈவ் வந்து படம் எடுத்தாள், தெருவிலேயே இந்த வாசல்தான் அழகு என்று எழுதினாள், மெர்சி என்று நன்றி சொன்னாள். தெருவால் போகிற எங்கள் ஆட்களும் காரை மெதுவாக்கிப் படம் எடுத்து அனுப்பினார்கள். குருவியெல்லாம் நேராக நிற்கிறது, வீட்டில் ஒரு குறையுமில்லை, பிறகென்ன? ஒருவரும் இறங்கவில்லை. என்னைக் கேட்கவேண்டாம், எனக்குக் கடை.

ஒருநாள் காலையில் தேநீரை முன்னால் வைத்தேன். கை மேசையில் சும்மா கிடந்தது.

"என்ன அண்ணை, சுகமில்லையே?"

"அண்டைக்கு வந்தாக்கள்ல ஒராளும் வரல்ல தங்கச்சி."

"பொறுங்கோ, யோகேந்திரனுக்கு இப்பவே போன் எடுத்து நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கிறன்."

"வேணாம். நான் செத்தா வருவாங்க. அது அண்டைக்கே தெரிஞ்சு போச்சு." கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "அண்டைக்கு ஆர் தேத்தண்ணி ஊத்துற? நான் இரிக்க மாட்டனே."

 

அடுத்த ஞாயிறு மத்தியானம் கடையைக் கிருபானந்தனிடம் விட்டுவிட்டு, கைகழுவி, சேலையை உதறிவிட்டு, றோட்டைக் கடந்தேன். கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவசரமாகத் திறந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன தங்கச்சி, ஆர் செத்த?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. சும்மாதான் வந்தனான்."

அவர் நம்பவில்லை. என் தோளுக்கு மேலால், படியில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.