என் சான்றிதழ்களோடு இருந்த சீட்டு

மாதவிலக்கு நாட்கள் முடிந்த பிறகும் அம்மாவுக்கு ரத்தம் படத் தொடங்கியது. நாள் முழுக்கக் குத்தவைத்து வேலை செய்வதால் வந்த உடல்சூடு என்று நினைத்துக்கொண்டார். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களத்தில் தேங்காய்ப் பருப்பு தோண்டும் வேலை. வயது நாற்பத்தொன்று.

சித்திரையில் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் சோதித்துவிட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். கருப்பைவாயில் (கருப்பையின் அடிக்கழுத்தில்) மாற்றம் தெரிகிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கோவையில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு எழுத்துள்ள எந்தத் தாள் வந்தாலும் என் சான்றிதழ்க் கோப்புக்குள் வைப்பது வழக்கம். அந்தச் சீட்டும் அங்கேதான் போனது.

நடுவில் இரண்டு முறை ஊருக்கு வந்தேன். கோப்பைத் திறக்கவில்லை. புரட்டாசியில் உதவித்தொகைக்காகத் திறந்தபோது ஐந்து மாதம் ஓடியிருந்தது.

"ஏம்மா என்கிட்டச் சொல்லல?"

"உன்ற பைல்லதான கண்ணு வெச்சேன். நீ பாத்திருப்பீன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணும் இல்லையாட்டன்னு உட்டுட்டேன்."

தங்கையிடம் காட்டியிருக்கலாமே என்றேன். சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது என்றார்.

உங்கள் வீட்டிலும் தாள்கள் எல்லாம் படித்த ஒருத்தியிடம்தான் போகும் என்றால், வைத்ததை அவளிடம் வாயாலும் சொல்லுங்கள். படித்தவளே, நீயும் கேட்டு வாங்கிப் பார்.

பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்றது. ஐந்து மாதத்தில் எவ்வளவு கூடியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா," என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

கதிர்வீச்சு (கதிரால் கட்டியைச் சுடுவது) ஐந்து வாரம் நடந்தது. அடிவயிற்றுத் தோல் கறுத்தபோதும் அம்மா பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் பீற்றிக்கொள்வார்: "டாக்டரு இங்கிலீசுல பேசுனா என்ற புள்ள இங்கிலீசுலயே திருப்பிக் கேப்பா பாருங்க!" நான் தலை நிமிராமல் இருப்பேன்.

மாசியில் நுரையீரலுக்குப் பரவியது. ஆடியில், நாற்பத்திரண்டு வயதில், அம்மா இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "நல்லவேளைங்க, காப்பீடு இருந்துச்சு, கைக்காசு போகல," என்றார்கள். அம்மாவின் கூலி நின்றது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அப்பா களத்து வேலையை இழந்தார். நான் இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தி, தேங்காய்நார் ஆலை ஒன்றில் நார்த்தூளின் உப்பைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தாவது படிக்கும் தங்கை சோறாக்கிவிட்டுப் போவதால் தினமும் முதல் பாடவேளையைத் தவறவிடுகிறாள். காப்பீட்டுப் படிவத்தில் இவற்றை எழுத இடம் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அத்தை அப்பாவிடம் ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, வருசம் திரும்பறதுக்குள்ள பெரியவளுக்குக் கண்ணாலத்தப் பண்ணிப்போடோணும். உட்டா மூணு வருசத்துக்கு ஊட்ல நல்ல காரியம் பண்ணக் கூடாது."

"நான் போய்ட்டா சின்னவ படிப்பு என்னாகறதுங்க அத்தை?"

"படிச்ச நீயே சீட்டப் பாக்கல. இன்னொருத்தி வேற படிக்கோணுமாக்கும்?"

 

இப்போது என் மாதவிலக்கு ஒரு நாள் கூடினாலும் கை அடிவயிற்றுக்குப் போகிறது. என் உடம்பை யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இருபத்துமூன்று வயது. அம்மா இறந்த வயதைத் தொட இன்னும் பத்தொன்பது ஆண்டுகள்.

இதுவரை மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்துபோனார்கள். மூன்று பேரையும் வேண்டாம் என்றேன். வருடம் திரும்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஊரே என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறது. சொல்லட்டும். அந்த நாள் தாண்டினால் அவர்கள் சாத்திரப்படியே மூன்று ஆண்டுக்கு யாரும் பேச்செடுக்க முடியாது. தங்கை பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் கால்வைத்துவிடுவாள்.

அம்மாவின் சாவு எங்களுக்குத் தரக்கூடியது அந்த மூன்று ஆண்டுகள்தான். ஒரு நாள்கூட விடாமல் அவற்றை வாங்கிக்கொள்வேன்.