ஓலை வாசிப்பவர்

முதுநகர் மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பவர் எங்கள் உபதேசியார். மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. திருமணத்துக்கு முந்திய மூன்று ஞாயிறும் மணமக்கள் பெயரை வாசித்து, "தடை அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவும்" என்று முடிப்பார். பிறகு நிமிர்ந்து ஒவ்வொரு பெஞ்சாகப் பார்ப்பார்.

ஒரே பாலினத் திருமண வழக்கு டிவியில் ஓடிய நாட்களில், ஜெபக் கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசியவரும் அவர்தான். எனக்குச் சுருக்கென்றது. என் மகள் சென்னையில் இன்னொரு பெண்ணோடு வாழ்வது அவருக்குத் தெரியும். வாசலில் மறித்தேன்.

"எம் பொண்ணுக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஓலை வாசிப்பீங்களா?"

"மாட்டேங்க. வேதம் ஒத்துக்காது, எம் மனசும் ஒத்துக்காது." செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "கிறிஸ்மஸுக்கு வந்தா ரெண்டு பேரையும் நம்ம வூட்டுக்குச் சாப்புட அனுப்புங்க."

அனுப்பினேன். வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் வந்தார்கள்.

இப்போதும் அவர்தான் ஓலை வாசிக்கிறார். முடித்ததும் நிமிர்ந்து ஒவ்வொரு பெஞ்சாகப் பார்க்கிறார். எங்கள் பெஞ்சு வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ஒவ்வொரு முறையும் அதில் துடைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.