தாம்பூலத் தட்டோடு வந்த விருந்தாளி

உல்லாசப் படகுக் கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு முந்நூறு பேருக்கு மேல் அழைப்பு போயிருந்தது. ராசிபுரத்து நெய் வியாபாரிகளும் பள்ளிபாளையத்து விசைத்தறி முதலாளிகளும் மாலையோடு வந்தார்கள். குஞ்சம்மாள் மட்டும் ஒரு பித்தளைத் தட்டோடு வந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், விழா அழைப்பிதழ். நான்கு நாளைக்கு முன் கம்பெனி அவள் வீட்டுக்கு அனுப்பியது அது. ஒன்றையும் தொடாமல் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வெற்றிலை வாடிப்போயிருந்தது.

1984, ஆவணி மாதம். காவேரியில் இரு கரை தொட்டுத் தண்ணீர். குஞ்சம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது, பரிசல் ஓட்டுகிறவள். அந்தத் துறையில் பாலம் கிடையாது. அக்கரை போக இரண்டே வழி: பரிசல், அல்லது கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரியின் மோட்டார் லாஞ்சு. லாஞ்சு 1974இல் வந்தது. வாரநாளில் ஆள் ஏற்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, வெளியூர்க் குடும்பங்களை ஆற்றில் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டும். அது வந்த வருடமே பரிசல்கள் கிழிபட ஆரம்பித்தன. கரையில் கவிழ்த்து வைத்ததைக் காலையில் நிமிர்த்தினால் அடித்தோலில் அரிவாள் வெட்டு இருக்கும். பதினொரு பரிசல்காரர்களில் ஒன்பது பேர் துடுப்பைப் போட்டுவிட்டுத் தறிக்குப் போனார்கள். போகாதவர்கள் குஞ்சம்மாளின் கணவன் சடையனும் அவன் தம்பி செங்கோடனும்தான்.

சென்ற வருடம் பங்குனியில், பட்டப்பகலில், சடையன் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பின்மண்டையில் கட்டை விழுந்தது. அதற்கு மேல் அவனுக்கு நினைவில்லை. லாஞ்சு ஆட்கள் இரண்டு பேர் அவன் வலது கையைத் துணி துவைக்கிற கல்லில் வைத்து வெட்டினார்கள். வெள்ளியங்கிரி பத்தடி தள்ளி நின்று, "முழங்கைக்குக் கீழ போதும்டா" என்றார். பரிசலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் கேட்டபோது எட்டுப் பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: "நாங்க தண்ணியப் பாத்துட்டிருந்தோமுங்க."

கரையில் நின்று பார்த்ததைச் சொல்ல மிஞ்சியது குஞ்சம்மாள் ஒருத்தி. வருகிற வியாழக்கிழமை நாமக்கல் கோர்ட்டில் அவள் சாட்சி.

இந்த நேரத்தில்தான் தட்டு வந்தது. அவள் சடையனின் பரிசலை ஓட்டிக்கொண்டு ஆற்றில் இருந்தாள். வீட்டிலிருந்த செங்கோடன் வாங்கி வைத்துவிட்டான். அந்தப் பக்கத்தில் எதிராளி அனுப்பிய வெற்றிலையை வாங்கினால் வழக்கு ராஜி ஆகிவிட்டது என்று அர்த்தம். அதை மாற்ற வேண்டுமென்றால் நாலு பேர் பார்க்கத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"ஏஞ்சாமி, ரெண்டு கையாலயா வாங்கின?" என்று கேட்டாள்.

"ஊடு தேடி வெத்தலை வருதுங்க அண்ணி. ஒத்தைக் கையிலயா வாங்கறது?"

உள்ளே படுத்திருந்த சடையன் சொன்னான்: "என்கிட்டக் குடுத்திருந்தா ஒத்தைக் கையிலதாண்டா வாங்கியிருப்பேன்."

விழா ஆற்றங்கரையிலேயே நடந்தது. லாஞ்சுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். பந்தல் வாசலில் குஞ்சம்மாளுக்குப் பன்னீர் தெளித்து, முன்வரிசையில் நாற்காலி கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் வெள்ளியங்கிரியின் வக்கீல். வெள்ளியங்கிரியே எழுந்து வந்தார்.

"வந்துட்டியா குஞ்சம்மா. பெரிய மனசு உனக்கு."

"வெத்தலையத் திருப்பிக் குடுக்க வந்தேனுங்க."

"குடு, குடு. மேடையில வெச்சே குடு. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் கேட்க நினைத்ததே அதுதான். இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "பழைய மனத்தாங்கலை மறந்து வந்திருக்கும் சகோதரி" என்றார் அறிவிப்பாளர். கைதட்டல். அவள் மேடையேறித் தட்டை நீட்டினாள். வெள்ளியங்கிரி அதன் மறு விளிம்பைப் பிடித்தார். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நாமக்கல்லிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் மணியன் கண்ணைக் கேமராவில் வைத்தார்.

"அம்மா, தட்டை இன்னுங் கொஞ்சம் மேல. முதலாளி, அப்படியே புடிச்சுக்கங்க. ரெண்டு பேரும் சிரிங்க."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒரு தட்டு, நாலு கை. கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று படம் சொல்லாது. வியாழக்கிழமை அந்தப் படம் ஜட்ஜ் மேசையில் இருக்கும். கீழே வக்கீல் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க," என்றாள்.

"சிரி குஞ்சம்மா. எத்தன நேரம் நிக்கறது?"

"கைய எடுங்கன்னேன்."

அவர் எடுக்கவில்லை. அவள் தட்டைப் பிடுங்கி, விளிம்பால் அவர் மூக்கில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் கேட்டது. கேமரா மின்னியது. இரண்டாவது அடி அவர் காதின்மேல் விழுந்தது.

லாஞ்சு ஆட்கள் ஆறு பேர் மேடையில் பாய்ந்தார்கள். ஒருவன் மடக்கு நாற்காலியால் அவள் தோளில் அடித்தான். காரை எலும்பு ஒடிந்தது. விழுந்தவளை வயிற்றிலும் வாயிலும் உதைத்தார்கள். இரண்டு பல் போயிற்று. கரையிலிருந்து செங்கோடன் துடுப்போடு ஓடி வந்தான். ஒருவனுடைய முழங்காலை உடைத்தான், இன்னொருவனுடைய தாடையை. அதற்குள் அவன் மண்டை பிளந்தது. பந்தல் காலைப் பிடுங்கிச் சண்டை போட்டதில் பந்தல் சரிந்தது. மாலையோடு வந்தவர்கள் லாஞ்சுக்குள் குதிக்க, ஓட்டுநர் கயிற்றை அறுத்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய்விட்டார். ஒலிபெருக்கியில் பாட்டு நிற்கவில்லை.

வெள்ளியங்கிரி சட்டையெல்லாம் ரத்தமாக மேடையில் உட்கார்ந்து கத்தினார்: "ஆத்துல போடுங்கடா அவள!"

முடியைப் பிடித்து இழுத்துப்போய்ப் போட்டார்கள். பரிசல்காரியை ஆற்றில் போட்டால் செத்துப்போவாள் என்று நினைத்தவர்கள் அவர்கள். அவள் ஒரு கையால் நீந்தி, நீரோட்டத்தோடு மூன்று பர்லாங்கு கீழே போய்க் கரையேறினாள்.

வியாழக்கிழமை தோளில் கட்டோடு கூண்டில் நின்றாள். வாய் வீங்கியிருந்தது. மண்டையில் தையலோடு செங்கோடன் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராஜி ஆகிவிட்டது என்று காட்ட எடுத்த படத்தில் அவள் தட்டால் வெள்ளியங்கிரியை அடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய வக்கீல் அதையே காட்டி வேறு வழியில் போனார்.

"இதுல அடிக்கறது நீதானே?"

"நானேதானுங்க."

"அவர்மேல உனக்குப் பகை. அதனால பொய் சொல்றே."

"பகைதானுங்க. பொய் இல்லீங்க."

"கொல்லத்தானே போனே?"

"கொல்றதுன்னா துடுப்ப எடுத்துட்டுப் போயிருப்பேனுங்க. வெத்தலை எதுக்கு?"

கோர்ட்டில் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. "இந்தப் பகை எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு கை கல்லு மேல கெடந்த அன்னைக்கிருந்துங்க சாமி," என்றாள். பிறகு அந்தப் பகலை முதலிலிருந்து சொன்னாள்: யார் கட்டையால் அடித்தது, யார் கையைப் பிடித்தது, யார் வெட்டியது, வெள்ளியங்கிரி சொன்ன மூன்று வார்த்தை. இரண்டு மணி நேரக் குறுக்கு விசாரணையில் ஒரு சொல்லும் மாறவில்லை.

கார்த்திகையில் தீர்ப்பு வந்தது. வெட்டிய இருவருக்கும் ஏழு வருடம், வெள்ளியங்கிரிக்கு ஐந்து.

அவளை அடித்து ஆற்றில் போட்ட ஆறு பேர்மேல் வழக்கு நிற்கவில்லை. முந்நூறு விருந்தாளிகளில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அவள் அடித்ததற்குப் படமே இருந்தது. அந்த வழக்கு தை மாதம் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டாள். கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் தண்டனை. தோள் கோணலாகக் கூடியிருந்ததைப் பார்த்த குமாஸ்தா பெஞ்சைக் காட்டி, "உக்காருமா, தப்பில்ல," என்றார். அவள் உட்காரவில்லை. இரண்டு கத்திக்குத்து வழக்கு, ஒரு வரப்புத் தகராறு, ஒரு மாட்டுத் திருட்டு எல்லாம் அவள் முன்னால் நடந்து முடிந்தன. ஐந்து மணிக்கு ஜட்ஜ் எழுந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் சடையன் காத்திருந்தான்.

"என்ன பண்ணச் சொன்னாங்க?"

"நிக்கச் சொன்னாங்க. நின்னேன். வாங்க, பஸ் போயிரும்."