முன்விரோதம் எதுவும் இல்லை

இந்த இங்கிலாந்தில் போலீஸ்கூட “ஷூவைக் கழற்றட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறது. அன்று வந்த பெண் போலீஸ் அப்படிக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வாசற்கதவில் ‘உங்கள் நாட்டுக்கே போங்கள்’ என்று யாரோ பெயின்டால் எழுதியிருந்தார்கள். அதை விசாரிக்க வந்திருந்தார்.

“எதற்காக எழுதினார்கள் என்று நினைக்கிறீர்கள்?” என்றார். கொட்டாரம் என்ற ஊரில் பிறந்த எனக்கு, கேஸ் நிற்க என்ன வேண்டுமென்று தெரியாதா? பகை இல்லையென்றால் புகாரை வாங்கமாட்டார்களோ என்று பயந்து, “முன்விரோதம் எதுவும் இல்லை மேடம், ஆளே யாரென்று தெரியாது” என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “அதனால்தான் இது இன்னும் பெரிய குற்றம். உங்கள் நிறத்துக்காகச் செய்ததாக நீங்கள் நினைத்தால் அப்படியே பதிவு செய்வேன். நிரூபித்தால் தண்டனை கூடும்.” எனக்குப் புல்லரித்துவிட்டது. என் மனதில் விழுந்த அடியைக்கூட ஓர் அரசாங்கம் எழுதிக்கொள்ளுமா!

அதற்கு முந்தைய லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் தம்பி செல்வின் வீட்டில் டைல்ஸ் ஒட்ட ஒடிசாவிலிருந்து பிகாஷ் வந்திருந்தார். வந்து நான்கே நாள். டீக்கடை வாசலில் நின்று போனில் தன் மொழியில் பேசிக்கொண்டிருந்தவரை, “வடக்கனுக்கு இங்கெ என்னலே வேல?” என்று மூன்று பேர் அடித்தார்கள். முன்பல் உடைந்தது. காரில் இருந்து நான் பார்த்தேன். புகாரில் அங்குள்ள போலீஸ் ‘முன்விரோதம் காரணமாகக் கைகலப்பு’ என்று எழுதியிருந்தது. நான்கு நாளில் என்ன முன்விரோதம்? நான் கேட்கவில்லை, இங்கிலாந்துக்குத் திரும்பப் பெட்டி கட்டினேன். அவரும் அவரோடு தங்கியிருந்த ஆறு பேரும் பயந்து அந்த வாரமே ஊரைக் காலிசெய்தார்கள். ஒருவரை அடித்து ஏழு பேரை விரட்டுகிற குற்றத்துக்குச் சாதாரண அடிதடிக்கான தண்டனை எப்படிப் போதும்? சட்டம் மனதைத் திருத்துமா என்று கேட்பார்கள். முதலில் காரணத்தை உள்ளபடி எழுத வைக்கட்டும்.

அந்தப் பெண் போலீஸ் போனதும் செல்வினைப் போனில் கூப்பிட்டு, கதவில் எழுதியிருந்ததைச் சொன்னேன். பிகாஷ் கேஸில் நான் சாட்சி எழுதித் தருகிறேன் என்றேன்.

“ஒனக்கு என்னக்கா, வட்டு புடிச்சிருச்சா? அடிச்சது நம்ம ஆளுவளாக்கும்.”

“எங்க கதவுல எழுதுனவனும் இங்க யாருக்கோ நம்ம ஆளுதாம்ல.”

“செரி, அனுப்பு. நானே கொண்டு குடுக்கேன்” என்றான்.

உட்கார்ந்து தமிழில் எழுதினேன். அடித்தவர்களின் ஊர், கொட்டாரம். சாட்சியின் சொந்த ஊர் என்ற இடத்திலும் அதையேதான் எழுத வேண்டியிருந்தது.